ஒரு கல்யாணத்துக்கு இரண்டு தாய்மாமன்

வலது கை முழுக்கப் பிரியாணிச் சோறு. அந்தக் கையை அப்படியே காதர் அண்ணனின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு சிங்காரம் கத்திக்கொண்டிருந்தார். வார்த்தைக்கு ஒரு பருக்கை பறந்தது. ஒன்று காதர் அண்ணனின் வெள்ளைத் தொப்பியில் போய் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிட அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

நான் அடுப்படி வாசலில் அப்பளத் தட்டோடு நின்றிருந்தேன். ஈப்போ டவுனை ஒட்டிய புந்தோங்கில் முத்தையா வீட்டு முன்னறை அது. பாய் விரித்து, வாழையிலை போட்டு, மூன்று ஆண்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்த விருந்து. வெளியே சாயங்கால மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறிச் சிங்காரத்தின் குரல் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் அது சந்தோஷமான விருந்து. முத்தையாவின் ஒரே மகள் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பாகான் டத்தோ பக்கம். தென்னந்தோட்டத்துக் குடும்பம். பழைய சிநேகிதர்கள் கூடி உட்கார்ந்து, சாப்பிட்டு, கல்யாண வேலைகளைப் பிரித்துக்கொள்ளலாம் என்றுதான் கூப்பிட்டிருந்தார் முத்தையா.

அடுப்பு எரியுது, ஆள் நிக்கிறேன்

இவர்களையெல்லாம் நான் எப்போதிலிருந்து அறிவேன் என்றால், மூக்கொழுகிக்கொண்டு திரிந்த காலத்திலிருந்து. செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். சிங்காரம், முத்தையா, முத்தையா கட்டிக்கொண்ட சரோஜா, நான், நாலு பேரும் ஒரே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள். காதர் அண்ணன் எங்களைவிட மூத்தவர். அவருடைய அத்தா தோட்டத்துக் கடை வைத்திருந்தார். கடைக்குள் கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை ஒன்று அடிக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும்.

தோட்டம் துண்டு துண்டாக விலைபோனதும் ஒவ்வொருவராகப் புந்தோங்குக்கு வந்து சேர்ந்தோம். முத்தையாவுக்கு ரோட்டு வேலை. எனக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை. சிங்காரம் டாக்சி ஓட்டினார். காதர் அண்ணன் ஈப்போ டவுனில் சாப்பாட்டுக் கடை போட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துப் படித்தது. அதனால் ஒரு ஆளை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அவர் பேச்சுதான் எனக்கு ஞாபகம் வரும். காதர் அண்ணனை "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்டால், நோயோ நொடியோ, எப்போதும் ஒரே பதில்தான்: "அடுப்பு எரியுது, ஆள் நிக்கிறேன்." சிங்காரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். "நம்ம டாக்சிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாதுலா" என்பார். பயணிகளுக்கு இதைக் கேட்டுக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்திருக்கும்.

நியமித்துக்கொண்ட உறவு

சரோஜாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. கப்பலேறி வந்த குடும்பங்களில் இது ஒரு சங்கடம். அம்மா ஒரு ஊர், அப்பா ஒரு ஊர், சொந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று வந்தால் முன்னால் நிற்க மாமன் கிடையாது. அதற்காக லயத்தில் நாங்களே ஆட்களை நியமித்துக்கொள்வோம். ஜாதி பார்ப்பது குறைவு. பக்கத்து வீடா, நல்ல மனுஷனா, அது போதும். ஒருமுறை மாமன் என்று உட்கார்ந்துவிட்டால் அது கடைசிவரைக்கும்.

வசந்தாவுக்குக் காது குத்துகிறபோது மாமனாக உட்கார வேண்டியவர் சிங்காரம். அப்போது அவர் லோரியில் கிளீனர். முதல் நாள் சரக்கோடு தைப்பிங் போனவர், மழையில் ரோடு அடைத்து அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே நல்ல நேரம் நழுவுகிறது. காது குத்த வந்த ஆசாரிக்குத் திரும்பிப் போகப் பஸ் பிடிக்க வேண்டும். "மாமன் எங்கம்மா? மாமன் எங்க?" என்று அவர் சரோஜாவைப் பிடுங்கி எடுக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் காதர் அண்ணன் விசேஷத்துக்கான வெல்லமும் வெற்றிலையும் கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். சரோஜா அவரைப் பார்த்தாள். அவர் சரோஜாவைப் பார்த்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டைப் போட்டு, மண்ணெண்ணெய் வாடை அடித்த கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, "எங்க உட்காரணும்?" என்றார். அவ்வளவுதான். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஊசி ஏறியதும் வசந்தா வீறிட்டு அழுது, அவர் கைலியை நனைத்தும் விட்டாள். எல்லாரும் பதறினோம். அவர் எழுந்திருக்கவே இல்லை. "மாமனுக்கு மொதல் சீரு வந்திருச்சு" என்றார். ஆசாரிகூடச் சிரித்துவிட்டார்.

அன்றைக்கு முஸ்லிமா இந்துவா என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தோன்றவும் இல்லை. அந்த வருஷத்திலிருந்து தீபாவளிக்குச் சரோஜாவுக்குச் சேலை காதர் அண்ணன் வீட்டிலிருந்துதான் வரும். முத்தையா அவரை "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார்.

பிறகு வசந்தா வயசுக்கு வந்தாள். அந்தச் சமயம் காதர் அண்ணன் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். எனவே சிங்காரம் நின்றார். ஓலை வெட்டி வந்து குடிசை கட்டினார். தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து இறக்கினார். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. வசந்தாவைப் பள்ளிக்கூடத்துக்கு டாக்சியில் கொண்டுபோய் விட்டதே அவர்தான். ஆகவே அவரும் மாமன்தான். இல்லையென்று யார் சொல்ல முடியும்?

இல்லையென்று சொல்லத் தெரியாதவர்

யாராலும் சொல்ல முடியாததை முத்தையா எப்படிச் சொல்வார்? அவர் வாயில் "சரி" என்ற ஒரு சொல் மட்டும் எண்ணெய் தடவினாற்போல வழுக்கி வரும். மற்றதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

"கல்யாணத்துக்கும் நானே நிக்கிறேன், என்ன?" என்று சிங்காரம் ஒருநாள் கேட்டிருக்கிறார். "சரி" என்றிருக்கிறார் முத்தையா. அதற்கு மறுவாரம், "வசந்தா கல்யாணத்துக்கு மாமன் முறை பத்திப் பேசணும், ஞாயித்துக்கிழமை வாரேன்" என்று காதர் அண்ணன் சொல்லியிருக்கிறார். "சரி மச்சான், வாங்க" என்றிருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே விருந்துக்கு ஒரே பாயில் உட்காரவும் வைத்துவிட்டார்.

பிரியாணி காதர் அண்ணன் கொண்டுவந்தது. எப்போதும் அப்படித்தான். கறி அவர் சமைத்தால்தான் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட முடியும் என்பதால் பழைய நாளிலிருந்தே வந்த ஏற்பாடு. சரோஜாவும் நானும் ரசம், கத்திரிக்காய், அப்பளம். மூடியைத் திறந்ததும் புதினாவும் நெய்யும் மணத்தன. முதல் வரிசைச் சோறு இறங்குகிறவரைக்கும் ஒரே சிரிப்புதான்.

பட்டுச் சட்டை

சிங்காரம்தான் ஆரம்பித்தார். "பாசார் பக்கத்துல சீன டெய்லர்கிட்ட பட்டுச் சட்டைக்கு அளவு குடுத்துட்டேன்."

"உனக்கு எதுக்குடா பட்டுச் சட்டை? மாப்பிள்ளை நீயா?" என்றார் காதர் அண்ணன். எல்லாரும் சிரித்தோம்.

"பொண்ணு கையைப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வாரவன் பனியனோடவா வர முடியும்?"

காதர் அண்ணனின் கை இலையிலேயே நின்றது. "யாரு கூட்டிட்டு வாரா?"

"நான்தான். முத்தையா சொல்லலையா?"

முத்தையா அந்த நேரத்தில் நல்லி எலும்பு ஒன்றை இலையில் தட்டிக்கொண்டிருந்தார். தட்டினார், தட்டினார், உள்ளே ஒன்றுமில்லாத எலும்பைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"முத்தையா."

"மச்சான், இன்னும் கொஞ்சம் சோறு..."

"சோத்தை விடு."

சிங்காரம் குரலைத் தணித்துக்கொண்டார். இதமாகப் பேசிவிடலாம் என்று நினைத்தார். அதுதான் வினையாகப் போயிற்று. "அண்ணே, சூசா ஆயிடும்லா, வீண் தொல்லை. நீங்க ஹாஜியாரு. கல்யாணம் கோயில் மண்டபத்துல. தாடியும் தொப்பியுமா ஒரு பாய் பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு வந்தா, மாப்பிள்ளை வீட்டுல என்ன கேப்பாங்க? உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையான்னு கேக்க மாட்டாங்களா?"

"காது குத்துறப்ப தாடி இல்ல. அப்ப நான் மாமன். இப்ப தாடி இருக்கு. அதனால பாய். அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலண்ணே."

"அப்படித்தான் சொன்னே. தைப்பிங் மழையில லோரிக்குள்ள படுத்துத் தூங்கினவன் இன்னிக்கு மாமன். ஓடி வந்து உட்கார்ந்தவன் பாய்."

"அப்ப சடங்குக்கு நின்னது யாரு? ஓலை வெட்டினது யாரு? தெனமும் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டது யாரு?" சிங்காரத்தின் குரல் ஏறிவிட்டது. "சரிண்ணே, நீங்களே நில்லுங்க! மொதல்ல உங்க மவன்கிட்ட கேட்டுட்டு வாங்க. அவன் விடுவானா? பள்ளிவாசல் ஆளுங்க விடுவாங்களா?"

காதர் அண்ணனின் முகம் அப்படியே மாறியது. அடி படவேண்டிய இடத்தில் பட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்:

"என் மவனைப் பத்தி நீ பேசாதே சிங்காரம். உனக்குன்னு ஒரு மவன் இருந்தா தெரியும்."

சிங்காரத்தின் மனைவி அன்று வரவில்லை. அந்த மட்டில் நல்லது.

அப்போதுதான் சிங்காரம் முழங்காலில் எழும்பிக் கையை நீட்டினார். நான் தொடக்கத்தில் சொன்ன கை. என்னென்ன சொன்னார் என்று முழுக்க எழுத எனக்கு மனசில்லை. கடையில் ஆரம்பித்து, அத்தாவுக்குப் போய், மார்க்கத்தில் வந்து நின்றது. காதர் அண்ணனும் சும்மா இருக்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் ஒருவருக்கு எங்கே வலிக்கும் என்று இன்னொருவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த இடமாகப் பார்த்துக் குத்திக்கொண்டார்கள்.

சரோஜா வந்தாள்

என்னைத் தள்ளிக்கொண்டு சரோஜா முன்னறைக்குள் போனாள். கையில் ரசக் கரண்டி.

"ரசத்தை எறக்கி வைக்கிறதுக்குள்ள எனக்கு அண்ணனை ஏலம் விட்டு முடிச்சாச்சா?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் புள்ளைக்கு மாமன்னா எனக்குத்தானே அண்ணன்? மூணு ஆம்பளைங்க உட்கார்ந்து பேசுறீங்க. ஒருத்தராவது, உன் அண்ணன் யாரு சரோஜான்னு கேட்டீங்களா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "சோறு பரிமாறுற மாதிரி நீங்க மாமன் எடத்தையும் ரெண்டு எலையில பரிமாறிட்டீங்க." பிறகு சிங்காரத்திடம்: "தாடி, தொப்பின்னு பேசுற வாய்க்குள்ள இன்னும் அவரு ஆக்கின சோறு இருக்கு."

காதர் அண்ணனைப் பார்த்தபோது மட்டும் அவள் குரல் உடைந்தது. "நீங்க சொன்னது அதைவிட மோசம்ணே."

சிங்காரம் எழுந்தார். கைகூடக் கழுவவில்லை. அப்படியே மழையில் இறங்கிப் போனார். டாக்சி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. நான் எடுக்கப் போனேன்.

"எலையை எடுக்காதே பாக்கியம், வருவான்" என்றார் காதர் அண்ணன்.

வரவில்லை. ரசம் ஆறிப்போயிற்று. உள்ளறையில் வசந்தா விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வேன் பக்கத்தில்

காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு, குடை பிடித்து, காதர் அண்ணனை வேன்வரை கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்தவர் ஏறவில்லை.

"நான் இன்னிக்கு எதுக்கு வந்தேன் தெரியுமா பாக்கியம்?"

"மாமன் முறை பேசத்தானேண்ணே?"

"சிங்காரத்துக்கிட்ட குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்." குடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது. "ஹஜ் முடிச்சவன் நான். சாமிக்கு முன்னால நின்னு சடங்கு செய்ய எனக்கே மனசு ஒப்பல. மவன் சொன்னதால இல்ல. சரி, மவன் சொன்னதாலயும்தான். சாப்பிட்டு முடிஞ்சதும் வெத்தலத் தட்டை அவன் கையில குடுத்து, 'டேய், இனிமே நீ நில்லுடா'ன்னு சொல்லலாம்னு இருந்தேன். குடுக்க வந்தவன் கையிலேருந்து புடுங்கிட்டானுங்க."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமேண்ணே."

"புடுங்குறப்ப எவன் குடுப்பான்? இழுத்துத்தான் புடிப்பான்."

வேன் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றேன். வீட்டுக்குள் போய்ச் சரோஜாவிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே மறுபடியும் சிரித்தாள்.

"சிங்காரண்ணனைக் கூட்டிட்டுப் போ பாக்கியம். காதர் அண்ணன் கடையில போய் மாமன் எடத்தைக் கேட்டு வாங்கட்டும்" என்றாள்.

மறுநாள் சிங்காரத்திடம் போய்ச் சரோஜா சொன்னதைச் சொன்னேன். அவர் வழக்கம்போல, "நம்ம டாக்சிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாதுன்னு சரோஜாகிட்ட சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். "அப்ப டாக்சியை வீட்டுல விட்டுட்டு நடந்து போகச் சொல்லு" என்றாள் சரோஜா.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, மனுஷன் நடந்துதான் வந்தார். புந்தோங்கிலிருந்து டவுன் வரைக்கும், வெயிலில், நான் பக்கத்தில் துணைக்கு. தெரிந்த டாக்சிக்காரர்கள் எல்லாம் நிறுத்தி, "என்னண்ணே, வண்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்கள். இவர் கையை வீசிக்கொண்டு நடந்தார்.

மீன் தலை

மதியக் கூட்டம் வருவதற்கு முந்தின நேரம். கடையில் ஆள் குறைவு. சிங்காரம் மூலை மேசையில் போய் உட்கார்ந்தார். காதர் அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அவரே இலை போட்டார். அவரே சோறு வைத்தார். குழம்பிலிருந்து மீன் தலையை எடுத்து வைத்தார்.

"தலை நான் கேக்கலையே" என்றார் சிங்காரம், இலையைப் பார்த்தபடி.

"கேட்டுக் குடுத்தா அது வியாபாரம். சாப்பிடு."

சிங்காரம் சோற்றில் கை வைக்கவில்லை. "இப்ப ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்."

"கேளு."

"வசந்தா கல்யாணத்துக்கு உங்க எடத்துல நான் நிக்கட்டுமா?"

காதர் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். சுத்தமான மேசை. நீண்ட நேரம் துடைத்தார்.

"என் எடம்தானே அது?"

"உங்க எடம்தாண்ணே."

"அப்ப நில்லு."

போகத் திரும்பியவர் திரும்பி வந்தார். "அன்னிக்கு நான் சொன்னது..."

"விடுங்கண்ணே."

"விட மாட்டேன். வாய் தவறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். உனக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன். அதான் தப்பு."

சிங்காரம் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் சொட்டியது. "குழம்பு காரம்" என்றார். நானும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டேன். அன்றைக்கு அதில் காரமே இல்லை.

மண்டப வாசல்

கல்யாணத்தன்று வசந்தாவைக் காதர் அண்ணன்தான் தன் வேனில் கூட்டிக்கொண்டு வந்தார். இறங்கியதிலிருந்து மண்டப வாசல்வரை அவள் கையை அவர் விடவில்லை. வாசலில் பட்டுச் சட்டையோடு சிங்காரம் காத்துக்கொண்டிருந்தார். காதர் அண்ணன் வசந்தாவின் கையை எடுத்துச் சிங்காரத்தின் கையில் வைத்தார். "மெதுவா கூட்டிட்டுப் போ. டாக்சி ஓட்டுற மாதிரி போகாதே" என்றார். வசந்தாவுக்குச் சிரிப்பு வந்து, அழுகையும் வந்து, மை கலைந்துவிட்டது. நான் முந்தானையால் ஒற்றிவிட்டேன்.

பெண்ணை மேடையில் உட்காரவைத்துவிட்டுச் சிங்காரம் இறங்கி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் அவரை நிறுத்தினார். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை. பாகான் டத்தோவிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்தவர்.

"வாசல் வரைக்கும் பொண்ணு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாரே, அந்தப் பாய் யாருங்க?"

நான் சிங்காரத்தைப் பார்த்தேன்.

"பொண்ணோட தாய்மாமன்" என்றார் சிங்காரம்.

அந்த அம்மா மேடையைப் பார்த்தார். முன்வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த காதர் அண்ணனைப் பார்த்தார். "அப்ப நீங்க?"

சிங்காரம் பட்டுச் சட்டையின் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"நான் அவரு அனுப்பின ஆளு."